காட்டுக்கறியா, கோழிக்கறியா? இரத்தம் ஊற எது உதவும்?

கடந்த தவணையில் எங்கள் பல்கலைக்கழகத்தில் இரத்த தான முகாம் ஒன்று நடைபெற்றது. நம் கழகத்தின் சார்பில் நாங்கள் பத்துப் பேர் சென்றிருந்தோம். அவர்களுள் ஆறு பேர் மாணவியர். தாதி என் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தை நீல நிறத் திரவம் இருந்த சிறு குப்பியில் விட்டார். அது செப்பு சல்பேட்டுக் கரைசல். இரத்தத்தில் ஹீமோகுளோபின் போதிய அளவு இருந்தால் துளி அடியில் மூழ்கும். குறைவாக இருந்தால் மிதக்கும். என் துளி மிதந்தது.

பிறகு கருவி ஒன்றில் அளந்து பார்த்தார்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 10.4 கிராம் ஹீமோகுளோபின் என்று காட்டியது. நம் நாட்டில் ஒரு பெண் இரத்த தானம் செய்யக் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும். கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தாலே அது இரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. கொடுக்கப் போன நான், கொடுக்கும் நிலையில் இல்லாதவளாகத் திரும்பினேன். அன்று எங்கள் அறுவரில் மூவருக்கு இதே கதிதான்.

இது எங்கள் மூவரின் கதை மட்டும் அன்று. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். விரிவுரை மண்டபத்தில் நம் வரிசையில் அமர்ந்திருக்கும் தோழியரை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேருக்கு மூவர்!

மாமா கொண்டு வந்த பொட்டலம்

வார இறுதியில் வீட்டுக்குச் சென்றபோது அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே தாய்மாமா வந்துவிட்டார். கையில் நெகிழிப் பையில் சுற்றிய இரண்டு கிலோ காட்டுப்பன்றி இறைச்சி. செம்பனைத் தோட்டத்தில் உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சுட்டதாம்.

"இந்த ஃபார்ம் கோழியில என்னாம்மா இருக்கு? நாப்பது நாள்ல ஊசி போட்டு வளக்குறது. அதான் உனக்கு இரத்தம் இல்ல. இத மிளகு போட்டுச் சாப்பிடு, ஒரே வாரத்துல ஊறிடும்" என்றார்.

மாமாவின் அன்பில் எனக்கு ஐயம் இல்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலரும் இத்தகைய சொற்களைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். காட்டுப்பன்றி இரத்தம் ஊற, முள்ளம்பன்றி உடல் தேற, பழந்தின்னி வௌவால் ஈளை நோய்க்கு, உடும்பு இடுப்பு வலிக்கு என்று ஒரு பட்டியலே உண்டு. ஆனால், உணவியல் படிக்கும் மாணவி என்ற முறையில் என்னால் தட்டை எடுத்துக்கொண்டு சும்மா அமர முடியவில்லை. மாமா சொன்னது உண்மையா? காட்டு விலங்கின் இறைச்சியில் கோழியைவிடச் சத்து மிகுதியா? அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு, இரும்புச்சத்தை நான் 'ஸட் பெசி' என்றுதான் படித்தேன். தேர்வில் எழுதிய அச்சொல்லை வீட்டில் பாட்டிக்கு விளக்கத் தெரியாமல் விழித்ததும் உண்டு. ஆகவே, வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டும்படி இதை எழுத முயன்றிருக்கிறேன்.

கோழியும் ஒரு காலத்தில் காட்டுப் பறவையே

ஒப்பீட்டைத் தொடங்கும் முன் ஒன்றை நினைவில் கொள்வோம். இன்று நம் தட்டில் இருக்கும் கோழியின் மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. அதன் இனம் இன்றும் நம் நாட்டில் உள்ளது. செம்பனைத் தோட்டத்து ஓரங்களில் விடியற்காலையில் கூவும் 'ஆயாம் ஊத்தான்' அதுவே. வீட்டுக்கோழியின் எலும்பு என்று உறுதியாகச் சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் இடத்தில் கிடைத்துள்ளன. அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்று 2022இல் வெளிவந்த ஆய்வு தெரிவிக்கிறது.

மறுபக்கம், காட்டு விலங்குகளும் தமிழுக்கு அந்நியம் அல்ல. குறிஞ்சி நில மக்களின் தொழில்களில் ஒன்று வேட்டை. மலாயில் 'ரூசா' என்பதைத் தமிழ் கடமான் என்கிறது. 'கிஜாங்' நமக்குக் கேளையாடு. 'பெலாண்டோக்' சருகுமான். இப்பெயர்கள் நம்மிடம் இருப்பதே நம் முன்னோர் காட்டை அறிந்தவர்கள் என்பதற்குச் சான்று.

சதையின் நிறம் சொல்லும் செய்தி

காட்டுக்கறியைப் பார்த்தவுடன் நாம் கவனிப்பது அதன் கருஞ்சிவப்பு நிறம். "இரத்தம் நிறைந்த கறி" என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். உண்மையில் அந்நிறத்துக்குக் காரணம் இரத்தம் அன்று. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்னும் புரதம். தசை நெடுநேரம் உழைப்பதற்கு வேண்டிய உயிர்வளியை இப்புரதம் சேமித்து வைக்கிறது. இதன் நடுவில் இரும்பு அணு ஒன்று உள்ளது. நாள் முழுவதும் நடந்தும் ஓடியும் திரியும் விலங்கின் தசையில் மயோகுளோபின் மிகுந்திருக்கும்.

கோழியிலும் இதைக் காணலாம். அது பறப்பது அரிது. ஆகவே அதன் நெஞ்சுக்கறி வெளுத்திருக்கிறது. நடப்பதும் நிற்பதும் கால்களால் என்பதால் தொடைக்கறி சற்றுக் கறுத்திருக்கிறது. நெடுந்தூரம் பறக்கும் புறாவின் நெஞ்சுக்கறியோ கருஞ்சிவப்பாக இருக்கிறது.

ஆக, 'கறுத்த கறியில் இரும்பு கூடுதல்' என்ற பெரியவர்களின் கணிப்பு அடிப்படையில் சரிதான். எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி.

எண்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச்சத்துத் தரவுகளைக் கொண்டு, சமைத்த இறைச்சி 100 கிராமில் உள்ள அளவுகளைக் கீழே தருகிறேன். முதல் நான்கும் எண்ணெய் சேர்க்காமல் வாட்டியவை. ஈரல் மட்டும் வேகவைத்தது.

தோல் நீக்கிய கோழி: 190 கிலோகலோரி, புரதம் 29 கிராம், கொழுப்பு 7.4 கிராம், இரும்பு 1.2 மில்லிகிராம்.

தோலுடன் கோழி: 239 கிலோகலோரி, புரதம் 27 கிராம், கொழுப்பு 13.6 கிராம், இரும்பு 1.3 மில்லிகிராம்.

காட்டுப்பன்றி: 160 கிலோகலோரி, புரதம் 28 கிராம், கொழுப்பு 4.4 கிராம், இரும்பு 1.1 மில்லிகிராம்.

மான்: 158 கிலோகலோரி, புரதம் 30 கிராம், கொழுப்பு 3.2 கிராம், இரும்பு 4.5 மில்லிகிராம்.

கோழி ஈரல்: 167 கிலோகலோரி, புரதம் 24.5 கிராம், கொழுப்பு 6.5 கிராம், இரும்பு 11.6 மில்லிகிராம்.

இப்பட்டியலை முதன்முறை பார்த்தபோது நான் வியந்து போனேன். நீங்களும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள்.

முதலாவது, புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஓடித் திரிந்த மானானாலும் கூண்டில் வளர்ந்த கோழியானாலும், சதை சதையே.

இரண்டாவது, கொழுப்பில் காட்டு விலங்குகளுக்கே வெற்றி. ஆனால், கோழியின் கொழுப்பில் பெரும்பகுதி தோலிலும் தோலுக்கு அடியிலும் இருக்கிறது. தோலை நீக்கினாலே அது பாதியாகக் குறைகிறது. நெஞ்சுக்கறியை மட்டும் எடுத்துக்கொண்டால் கொழுப்பு 3.6 கிராம்தான், அது காட்டுப்பன்றியைவிடக் குறைவு. மேலும், பட்டியலில் உள்ள காட்டுப்பன்றி கொழுப்பு நீக்கிய சதை. மாமா கொண்டு வந்த இறைச்சியிலோ, உதிர்ந்த செம்பனைப் பழங்களைத் தின்று கொழுத்த விலங்கு என்பதால், விரல் தடிமனுக்குக் கொழுப்பு படிந்திருந்தது.

மூன்றாவதுதான் எனக்கு வேண்டிய விடை. மானிறைச்சியில் கோழியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இரும்பு உள்ளது. காட்டுப்பன்றியிலோ கோழியின் அளவே! உடற்பகுதி, வயது, தீனி ஆகியவற்றைப் பொறுத்து இவ்வெண்கள் ஓரளவு மாறும். ஆயினும் ஒரே வாரத்தில் இரத்தம் ஊற வைக்கும் ஆற்றல் இந்த அளவில் இல்லை. என் வயதுப் பெண்ணுக்கு, உணவின் தன்மையைப் பொறுத்து, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 29 மில்லிகிராம் வரை இரும்பு தேவை. அதில் 100 கிராம் காட்டுப்பன்றி கொடுப்பது வெறும் 1.1.

நான்காவது, பட்டியலின் கடைசி வரி. சந்தையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் கோழி ஈரலில், மானைவிட இரண்டரை மடங்கு இரும்பு இருக்கிறது. ஃபோலேட்டும் பி12 உயிர்ச்சத்தும் உண்டு. இவ்விரண்டும் இரத்த அணுக்கள் உருவாகத் தேவையானவை. அதே வேளையில் ஈரலை அளவோடுதான் உண்ண வேண்டும். 100 கிராம் ஈரலில் 563 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உள்ளது. ஏ உயிர்ச்சத்தும் மிக அதிகம். ஆகவே கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக்கூடாது. மற்றவர்களுக்கு வாரம் ஒரு முறை 50 கிராம் போதும். அதிலேயே 5.8 மில்லிகிராம் இரும்பு கிடைத்துவிடுகிறது.

கொழுப்பைப் பற்றி இன்னொரு குறிப்பு. புல்லும் தழையும் தின்று வாழும் காட்டு விலங்கின் கொழுப்பில் ஒமேகா 3 அமிலத்தின் விகிதம் தானியத் தீனி தின்னும் விலங்கினதைவிடக் கூடுதல். ஆனால், மொத்தக் கொழுப்பே மிகக் குறைவு என்பதால் நமக்குக் கிடைக்கும் அளவும் சிறிது. அதற்குக் கெம்போங் மீனே மேல்.

ஊசி போட்ட கோழியா?

மாமா சொன்ன 'ஊசி'க்கு வருவோம். பண்ணைக்கோழி 35 முதல் 42 நாள்களில் விற்பனைக்கு வருகிறது என்பது உண்மை. இவ்வளவு விரைவாக வளர்வதால், வளர்ச்சி ஊக்குநீர் செலுத்துகிறார்கள் என்று பலரும் நம்புகின்றனர். கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த மூன்று கோழி வகைகளுக்கு அவர்கள் ஒரே தீனியைக் கொடுத்து வளர்த்தார்கள். 56ஆம் நாளில் அவற்றின் சராசரி எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீனி ஒன்று, பராமரிப்பு ஒன்று. வேறுபட்டது இனம் மட்டுமே. விரைவாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததன் விளைவு இது.

இதனால் பண்ணைக்கோழியில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைத் தீனியில் கலப்பது உண்மையான சிக்கல். அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகின்றன. வேறு மருந்துகள் பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் கோலிஸ்டின் என்னும் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த மலேசியா 2019இல் தடை விதித்தது. நாம் கேள்வி கேட்க வேண்டியது இதைப் பற்றித்தான். இல்லாத ஊசிக்கு அஞ்சி, இருக்கும் சிக்கலைக் காணத் தவறுகிறோம்.

காட்டுக்கறியின் மறுபக்கம்

பண்ணையில் மருந்து இருக்கிறது. காட்டில் எதுவும் இல்லை, ஆகவே தூய்மையானது என்பதும் முழு உண்மை அன்று. காட்டுப்பன்றியின் தசையில் டிரிக்கினெல்லா என்னும் உருளைப்புழுவின் இளம்புழுக்கள் தங்கியிருக்கக்கூடும். உட்பகுதியும் 71 பாகை செல்சியஸைத் தொடும் வரை நன்கு வேகவைத்தால்தான் அவை அழியும். நெருப்பில் அரைகுறையாக வாட்டி உண்பது ஆபத்து. பண்ணைக்கறி அறுக்கும் இடத்தில் கால்நடை அதிகாரியின் சோதனை உண்டு. தோட்டத்து மரத்தடியில் பங்கு போடும் கறிக்கு அது இல்லை.

அடுத்தது ஈயம். ஈயக் குண்டுகளால் சுடப்பட்ட விலங்கின் சதையில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் சிதறிக் கிடக்கலாம். குண்டு பாய்ந்த இடத்தை வெட்டி எறிந்தாலும் சில தங்கிவிடும். ஈயம் உடலில் சேர்ந்தால் என்ன செய்யும் தெரியுமா? ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். இரத்தம் ஊறட்டும் என்று அன்போடு கொடுக்கும் கறி, இரத்தம் ஊறுவதற்கே தடையாகலாம்.

வௌவால் கறியை மருந்தென்று எண்ணுவோர், 1998 முதல் 1999 வரை நம் நாட்டை உலுக்கிய நிப்பா கிருமியை நினைவுகூர வேண்டும். பழந்தின்னி வௌவால்களிடம் இயல்பாக வாழும் அக்கிருமி பன்றிப் பண்ணைகளுக்குள் புகுந்து, அங்கிருந்து மனிதருக்குப் பரவியது. 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் மாண்டனர். நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அக்கிருமிக்கு இடப்பட்டது.

சட்டத்தையும் மறந்துவிடக்கூடாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம். காட்டையே வாழ்வாகக் கொண்ட பூர்வக்குடியினர் தங்கள் குடும்ப உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாட மட்டும் அச்சட்டம் இடமளிக்கிறது. இரும்புச்சத்தில் உண்மையாகவே சிறந்து விளங்கும் கடமானோ, உலக அளவில் அழியும் நிலையை நோக்கிச் செல்லும் விலங்குகளில் ஒன்று. அது மலாயாப் புலியின் முக்கிய இரையும்கூட. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி நம் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு. நம் இரத்தம் ஊறப் புலியின் தட்டில் கைவைப்பது எந்த வகையில் நியாயம்?

ஈரல் யார் தட்டில்?

இத்தனையும் படித்து முடித்த பிறகு, எங்கள் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வாரம் இருமுறை கோழி சமைப்பதுண்டு. அதில் ஈரல் இல்லாமல் இல்லை. அது அப்பாவுக்குப் போகும், அல்லது தம்பிக்கு. தொடைக்கறியும் அவ்வாறே. எனக்கு நெஞ்சுக்கறி. அம்மா கடைசியில் அமர்வார். அவர் தட்டில் கழுத்துத் துண்டும் சட்டியை வழித்த குழம்பும். கேட்டால், "எனக்குக் கழுத்துதான் பிடிக்கும்" என்பார். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் அதை நம்பியிருந்தேன்.

மாதவிடாயால் மாதந்தோறும் இரும்பை இழப்பவர்கள் பெண்கள். ஓர் ஆணைப்போல் இரு மடங்கு இரும்பு தேவைப்படுபவர்களும் அவர்களே. ஆனால், இரும்பு மிகுந்த பகுதிகள் அவர்களைத் தாண்டிச் செல்கின்றன. எங்கள் வீட்டில் யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை. அப்பாவும் கணக்குப் பார்ப்பவர் அல்லர். பழக்கம் அப்படி அமைந்துவிட்டது.

சுகாதார மருந்தகத்துக்கு அம்மாவையும் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றேன். அவருடைய அளவு 9.6. என்னைவிடக் குறைவு. ஒரு நாளும் அவர் சோர்வாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மருத்துவர் எங்கள் இருவருக்கும் முதலில் தலசீமியா உண்டா என்று சோதித்தார். நம் நாட்டில் பலர் அறியாமலே அதன் மரபணுவைச் சுமக்கின்றனர். அப்படிப்பட்டவர் தாமாகவே இரும்பு மாத்திரை விழுங்குவது தவறு. எங்களுக்கு அது இல்லை, இரும்புக் குறைபாடுதான் என்று உறுதியான பின்னரே மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நாம் செய்யக்கூடியவை

பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் நமக்குச் சில எளிய வழிகள் உள்ளன.

பொரித்த கோழியைத் தோலோடு உண்பதைக் குறைத்து, குழம்பாகவோ வாட்டியோ உண்ணலாம். நெஞ்சுக்கறிக்குப் பதில் தொடைக்கறியைக் கேட்கலாம். இரும்பு சற்றுக் கூடுதல், விலை ஒன்றுதான். வாரம் ஒரு முறை சிறிதளவு ஈரல் உண்ணலாம்.

இறைச்சியில் உள்ள இரும்பின் ஒரு பகுதியை நம் உடல் 15 முதல் 35 விழுக்காடு வரை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேராது. அதனால் கீரை வீண் என்று பொருளன்று. கீரையோடு சிறிது இறைச்சியோ, ஒரு துண்டு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால், இரும்பு ஏறும் அளவு கூடுகிறது. சைவ உணவு உண்ணும் நண்பர்களுக்கு இது முக்கியம்.

கடைசியாக நம் 'தே தாரேக்'. உணவோடு தேநீர் அருந்தினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நாசி லெமாக்கும் தே தாரேக்கும் ஒன்றாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் அன்பர்கள் என்னை மன்னிப்பார்களாக!

முடிவாக

காட்டுக்கறியா, கோழிக்கறியா என்ற கேள்விக்கு, கொழுப்பில் காட்டுக்கறி மேல், புரதத்தில் இரண்டும் சமம், இரும்பில் மான் மேல், காட்டுப்பன்றி கோழிக்கு நிகர் என்று விடை சொல்லலாம். ஆனால், ஒரு பெண்ணின் இரத்தம் ஊறுவது காட்டை நம்பி இல்லை. கோழியின் எந்தப் பகுதி, எப்படிச் சமைக்கப்பட்டு, யாருடைய தட்டில் விழுகிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால், அடுத்த முறை வந்தபோது அவர் கொண்டு வந்த பையில் அரைக் கிலோ கோழி ஈரல் இருந்தது. அம்மா அதை மிளகு போட்டு வறுத்தார். வழக்கம்போல் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியோடு அமரப் போனவரை அப்பா கைபிடித்து எங்களோடு உட்கார வைத்தார்.

மூன்று மாதங்கள் கழித்து எனக்கு 11.8, அம்மாவுக்கு 10.9. இரத்த தானம் செய்ய இன்னும் போதாது. அடுத்த தவணையில் முகாம் மீண்டும் வரும். அப்போது நானும் வரிசையில் நிற்பேன். தோழியரே, அதற்கு முன் நீங்களும் ஒரு முறை உங்கள் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது உங்கள் அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.